ஒரு வாக்குறுதியைத் தின்ற இன்னொரு வாக்குறுதி: பிரிட்டனின் 14 வருட டோரி ஆட்சி

கேள்வி இது: "பிரிட்டனில் 2010 முதல் 2024 வரை ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சி (டோரி), சொன்ன எதையும் செய்யவில்லை என்கிறார்களே, அது உண்மையா? இல்லை, தோற்றுப்போன கட்சியை ஆளாளுக்கு அடிக்கிறார்களா? அப்படிச் செய்யாத கட்சிக்கு மக்கள் ஏன் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டார்கள்?"

"எதையும்" என்பது மிகை. செய்ததும் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் பெரிய வாக்குறுதிகளில், அதாவது மக்கள் எதற்காக ஓட்டுப் போட்டார்களோ அவற்றில், பெரும்பாலானவை நடக்கவில்லை. சில, சொன்னதற்கு நேர் எதிராக நடந்தன. நான் இந்தக் காலம் முழுக்க இங்கிலாந்தில்தான் இருந்தேன். அதில் சில வருடம் ஒரு கவுன்சிலில் (நம் ஊர் மாநகராட்சி மாதிரி) கணக்குப் பிரிவில் வேலை. அதனால் நான் முழு நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அரசியல்வாதிகள் பொய் சொன்னார்கள் என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லி ஓட்டு வாங்கியதுதான் இந்தக் கட்சியின் கதை. வரியைக் கூட்ட மாட்டோம், ஆஸ்பத்திரிகளைப் பெருக்குவோம். வெளிநாட்டவர் வருவதைக் குறைப்போம், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளக் குறைந்த கூலிக்கு ஆளும் தருவோம். வீடு கட்டுவோம், ஆனால் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் கட்ட மாட்டோம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மற்றதைத் தின்றது.

குடியேற்றத்தை எடுத்துக்கொள்வோம். இதுதான் மிகப் பெரிய உதாரணம், நம் ஊர் ஆட்களுக்கும் நேரடியாகத் தொடர்புடையது.

2010 தேர்தல் அறிக்கையில், அந்தத் தேர்தலில் பிரதமரான டேவிட் கேமரன் சொன்னது: நாட்டுக்குள் வருபவர்களுக்கும் வெளியேறுபவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது நிகரக் குடியேற்றத்தை, லட்சக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்குக்குக் கொண்டுவருவோம். ஒரு லட்சத்துக்குக் கீழே என்று அர்த்தம். அப்போது அது வருடத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம். அடுத்த வருடம் ஒரு கூட்டத்தில் "ஆனால், கீனால் எல்லாம் கிடையாது" என்கிற தொனியில் அழுத்தியும் சொன்னார். 2015 அறிக்கையிலும் அது இருந்தது. 2017-ல் அடுத்த பிரதமர் தெரேசா மே காலத்திலும் இருந்தது. ஒரே ஒரு வருடம்கூட அந்த எண்ணுக்குள் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும்வரை எங்களால் கட்டுப்படுத்த முடியாது என்று காரணம் சொன்னார்கள். அது பாதி உண்மை. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் மட்டுமே பல வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். அவர்களுக்கு விசா கொடுத்தது லண்டன், ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸ் அல்ல.

பிறகு பிரெக்ஸிட். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 52-க்கு 48 என்று வெளியேற முடிவானது, 2020 ஜனவரி 31 அன்று வெளியேறினார்கள். எல்லைச் சாவி முழுக்க இவர்கள் கையில். 2019 அறிக்கையில், மேக்கு அடுத்த பிரதமர் போரிஸ் ஜான்சன் எண் எதுவும் சொல்லாமல், மொத்தத்தில் குறையும் என்றார். நடந்தது என்ன? 2023 நடுப்பகுதியில் முடிந்த 12 மாதங்களில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. ஒரு லட்சம் என்று சொன்ன கட்சியின் ஆட்சியில், அதற்கு ஒன்பது மடங்கு.

உக்ரைன் போர் அகதிகள், ஹாங்காங் மக்கள் என்று நியாயமான காரணங்கள் ஒரு பகுதி. மீதி அரசின் கையெழுத்திலேயே நடந்தது. புதிய விசா முறையில் பொதுவான சம்பள வரம்பை 30,000 பவுண்டிலிருந்து 25,600-க்கு இறக்கினார்கள். படிப்பு முடிந்த மாணவர் இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்கலாம் என்ற விசாவை 2021-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே வசதியை 2012-ல் மூடியது உள்துறை அமைச்சராக இருந்த தெரேசா மே! 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு ஊழியர்களுக்கும் விசா திறந்தார்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இது எப்படி ஒரு வியாபாரமானது என்று பலருக்குத் தெரிந்திருக்கும். விசாவுக்காக முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கு லட்சக்கணக்கில் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, இங்கே வந்து இறங்கியதும் வாரத்துக்குப் பத்து மணி நேரம்கூட வேலை கிடைக்காமல் தவித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஏன் திறந்தார்கள்? இங்கேதான் மற்ற வாக்குறுதி உள்ளே வருகிறது. பராமரிப்பு இல்லங்களுக்குப் பெருமளவு பணம் கொடுப்பது கவுன்சில்கள். கவுன்சிலுக்கு வரும் அரசு நிதியை வெட்டியாகிவிட்டது. இல்லங்கள் குறைந்தபட்சக் கூலிக்குச் சற்று மேலே மட்டுமே கொடுக்க முடிந்தது. அதே பணம் சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கினால் கிடைக்கும்போது, இரவு முழுக்க விழித்திருந்து முதியவர்களைத் தூக்கித் துடைக்கும் வேலைக்கு யார் வருவார்? 2021-22-ல் இங்கிலாந்தில் மட்டும் 1 லட்சத்து 65 ஆயிரம் பராமரிப்பு வேலைகள் காலியாகக் கிடந்தன. கூலியைக் கூட்டியிருக்கலாம், அதற்கு வரி வேண்டும். ஆகவே விசா.

பல்கலைக்கழகங்களும் அப்படித்தான். உள்ளூர் மாணவர் கட்டணத்தை 2012-ல் மூன்று மடங்காக்கி 9,000 பவுண்டு என்றார்கள். 2017-ல் 250 பவுண்டு கூட்டியதோடு சரி, அப்படியே உறைய வைத்துவிட்டார்கள். விலைவாசி ஏற ஏற, உள்ளூர் மாணவரால் நஷ்டம், வெளிநாட்டு மாணவரால்தான் வண்டி ஓடும் என்ற நிலை. கோயம்புத்தூரிலும் லாகோஸிலும் கல்விக் கண்காட்சி போட்டு ஆள் சேர்த்தார்கள். அப்புறம் கூட்டம் அதிகமாகிவிட்டது என்று 2024 ஜனவரியில் பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வர முடியாது என்றார்கள், மார்ச்சில் பராமரிப்பு ஊழியர்களுக்கும் அதே தடை. கதவைத் திறந்து வைத்தவரே கூட்டம் போடுகிறார்கள் என்று கத்தின மாதிரி.

சரி, வெட்டு என்றேனே, அதைச் சொல்ல வேண்டும்.

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டன் அரசின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் பத்து சதவீதத்தைத் தொட்டிருந்தது. ஏதாவது செய்யத்தான் வேண்டும். நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2010 ஜூன் பட்ஜெட்டில், பற்றாக்குறையின் நிரந்தரப் பகுதியை ஐந்து வருடத்தில் துடைத்துவிடுவதாகச் சொன்னார். 2015 வந்தபோது பாதிதான் குறைந்திருந்தது. நாட்டின் ஏஏஏ என்ற மிக உயர்ந்த கடன் தரத்தைக் காப்பாற்றுவதைத் தன் பெருமையாகச் சொல்லி வந்தார். 2013 பிப்ரவரியில் மூடிஸ் என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் அதைப் பறித்தது. தேர்தலுக்கு முன் வாட் வரியை (நம் ஜிஎஸ்டி மாதிரி) உயர்த்தும் திட்டம் இல்லை என்றார்கள். 2011 ஜனவரி 4 முதல் 17.5 சதவீதம் 20 ஆனது. மொத்தக் கடன் 2010-ல் நாட்டு உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருந்தது. இவர்கள் போகும்போது கிட்டத்தட்ட முழு உற்பத்திக்குச் சமம். கோவிட் பெரிய காரணம்தான், அதற்காக இவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "கடனை அடைக்கத்தான் இவ்வளவு வலி" என்று சொல்லி வாங்கிய வலி அது.

அந்த வலி எங்கே விழுந்தது என்பதை நான் மேஜையிலிருந்து பார்த்தேன். 2010-லிருந்து 2017-18 வரை உள்ளாட்சிகளுக்கான மத்திய அரசு நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், சுமார் பாதியாகக் குறைந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு எக்செல் கோப்பு வரும். சட்டப்படி கட்டாயம் செய்ய வேண்டியவை ஒரு நிறம், மற்றவை இன்னொரு நிறம். நூலகம், இளைஞர் மையம், சிறு குழந்தைகளுக்கான ஷூர் ஸ்டார்ட் மையம், பூங்கா எல்லாம் "மற்றவை". மூன்றாவது வருடத்தில் அந்த நிறத்தில் வெட்டுவதற்கு ஏதும் மிச்சம் இல்லை. என் மேலதிகாரி, இவர் டோரிக்கே ஓட்டுப் போடுபவர், கோப்பை மூடிவிட்டு "இனி எலும்புதான்" என்றார். 2018-ல் நார்தாம்ப்டன்ஷயர் கவுன்சில், தன்னிடம் பணமில்லை என்று அதிகாரபூர்வமாக அறிவித்தது. அது டோரிகள் கையில் இருந்த கவுன்சில். பின்னால் குரோய்டன், ஸ்லௌ, தர்ரக், வோக்கிங், பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் என்று வரிசை நீண்டது. எல்லாவற்றுக்கும் அரசே காரணம் என்றால் அநியாயம். வோக்கிங் கடன் வாங்கிக் கட்டடத்தில் சூதாடியது, பர்மிங்ஹாமில் பெண் ஊழியர்களுக்கான சம சம்பளப் பாக்கியும் சொதப்பலான கணினித் திட்டமும் சேர்ந்தன. ஆனால் கொஞ்சம் கையிருப்பு இருந்திருந்தால் இந்த அடிகளைத் தாங்கியிருப்பார்கள்.

டிரஸல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் ஃபுட் பேங்குகள் 2010-11-ல் சுமார் 61,000 பேருக்கு உணவுப் பொட்டலம் கொடுத்தன. 2023-24-ல் கொடுத்த பொட்டலங்கள் 31 லட்சம். மையங்கள் பெருகியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் தேவை இல்லாத இடத்தில் யாரும் மையம் திறப்பதில்லை.

இனி என்எச்எஸ், அதாவது அரசின் இலவசப் பொது மருத்துவ சேவை. பிரிட்டிஷ்காரர்களுக்கு இது கோயில் மாதிரி. அதனால்தான் ஒவ்வொரு தேர்தலிலும் இதன் பேரில் சத்தியம் செய்வார்கள். 2010-ல் லிபரல் டெமாக்ரட் கட்சியோடு போட்ட கூட்டணி ஒப்பந்தத்திலேயே, மேலிருந்து கீழாக என்எச்எஸ்ஸைக் கலைத்து அடுக்கும் வேலையை நிறுத்துவோம் என்று எழுதினார்கள். மை காய்வதற்குள் ஆண்ட்ரூ லான்ஸ்லி என்ற சுகாதார அமைச்சர் மிகப் பெரிய கலைத்து அடுக்கலைக் கொண்டுவந்தார். 2012 சட்டம் பழைய வட்டார அமைப்புகளை ஒழித்து, டாக்டர்கள் தலைமையில் இருநூற்றுச் சொச்சம் புதிய குழுக்களை உருவாக்கியது. பத்து வருடம் கழித்து, 2022-ல், அந்தக் குழுக்களை ஒழித்துவிட்டு 42 வாரியங்கள் அமைத்தார்கள். ஒழித்தது யார்? அதே கட்சி.

திட்டமிட்ட சிகிச்சைக்குக் காத்திருப்போர் இங்கிலாந்தில் 2010-ல் சுமார் 25 லட்சம். கோவிட் வருவதற்கு முன்பே அது 45 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த "முன்பே" முக்கியம், ஏனென்றால் தொலைக்காட்சியில் எந்த டோரி அமைச்சரைக் கேட்டாலும் கோவிட் என்றுதான் ஆரம்பிப்பார். 18 வாரத்துக்குள் சிகிச்சை என்ற இலக்கைக் கடைசியாக எட்டியது 2016-ல். அவசர சிகிச்சையில் நான்கு மணி நேர இலக்கைக் கடைசியாக எட்டியது 2015-ல். 2023 செப்டம்பரில் பட்டியல் 77 லட்சத்தைக் கடந்தது.

இதற்கு மருந்தாக ஜான்சன் 2019-ல் கொடுத்ததுதான் 40 புது ஆஸ்பத்திரி வாக்குறுதி. 2030-க்குள் 40. கேட்க நன்றாக இருந்தது. உள்ளே பார்த்தால், பழைய ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பகுதி கட்டினாலும், இருப்பதைப் பெரிய அளவில் புதுப்பித்தாலும் "புது ஆஸ்பத்திரி" கணக்கில் சேரும் என்று அரசே வரையறுத்திருந்தது. அடுப்படியை இடித்துக் கட்டிவிட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிப்பது போல. அந்தத் தாராளமான வரையறையை வைத்துப் பார்த்தும் 40 தேறாது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2023-ல் சொல்லிவிட்டது. இதற்கிடையே கிங்ஸ் லின் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில், எடை குறைந்த பழைய வகைக் கான்கிரீட் கூரை விழாமலிருக்க ஆயிரக்கணக்கில் முட்டுக்கால் கொடுத்து வைத்திருந்தார்கள். அதே கான்கிரீட் காரணமாக 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறப்பதற்குச் சில நாட்களே இருந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். வருடக்கணக்காகக் கட்டடப் பணத்தை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட்டால் கூரை ஒரு நாள் கேட்கத்தான் செய்யும்.

50,000 நர்ஸ்கள் வாக்குறுதியில் ஒரு வேடிக்கை. அந்த 50,000-ல் சுமார் 18,500 பேர் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், அவர்களை விலகாமல் தடுத்து நிறுத்துவோம் என்பதும் "கூடுதல்" கணக்கு. ஆனாலும் நியாயமாகச் சொன்னால் இந்த இலக்கை எட்டினார்கள். எட்டியது எப்படி? பெரும்பகுதி இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியாவிலிருந்து வந்த நர்ஸ்களால். அதாவது ஒரு வாக்குறுதி நிறைவேறியது, அதன் விலையாகக் குடியேற்ற வாக்குறுதி இன்னும் கொஞ்சம் உடைந்தது. 6,000 கூடுதல் குடும்ப டாக்டர்கள் என்றதை எட்டவே இல்லை. முடியாது போலிருக்கிறது என்று 2021-லேயே சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவித் ஒத்துக்கொண்டார்.

முதியோர் பராமரிப்புச் செலவைத் தீர்ப்பது இன்னொரு சோகம். 2019 ஜூலையில் பிரதமர் இல்லத்து வாசலில் நின்று ஜான்சன், இந்தப் பிரச்சினையை ஒரேயடியாகத் தீர்ப்போம், திட்டம் தயாராக இருக்கிறது என்றார். வயதானவர் ஆயுளில் எவ்வளவு வரை சொந்தப் பணம் செலவழிக்க வேண்டும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு வைப்பதுதான் யோசனை. கேமரன் காலத்தில் 72,000 பவுண்டு என்றார்கள், தள்ளிப்போட்டார்கள், கைவிட்டார்கள். ஜான்சன் 86,000 என்றார், அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பை 1.25 புள்ளி உயர்த்தினார். வருமான வரி, வாட், காப்பீடு மூன்றையும் கூட்ட மாட்டோம் என்று 2019-ல் எழுதிக் கொடுத்தவர் அவர். சரி, நல்ல காரியத்துக்காகச் சொல் தவறினார் என்று வைத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் அந்த உயர்வை ரத்து செய்தார்கள், உச்சவரம்பை 2025-க்குத் தள்ளினார்கள். 2024-ல் வந்த, அதுவரை எதிர்க்கட்சியாக இருந்த லேபர் கட்சியின் அரசு முழுக்கக் கைவிட்டது. வரியும் போட்டு, எடுத்து, திட்டமும் இல்லை.

வரிக்குறைப்புக் கட்சி என்பதே இவர்கள் முகவரி. ஆட்சியை விட்டுப் போகும்போது நாட்டின் வரிச்சுமை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருடங்களிலிருந்து பார்த்தால் மிக உயர்ந்த அளவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. விகிதத்தைத் தொடாமல் வரி கூட்ட ஒரு வழி உண்டு: வரி கட்ட ஆரம்பிக்கும் வருமான வரம்பை 12,570 பவுண்டில் உறைய வைப்பது. சம்பளம் விலைவாசியோடு ஏறும், வரம்பு ஏறாது, சத்தமில்லாமல் அதிகம் பேர் வலையில் விழுவார்கள். மாதச் சம்பளக்காரனுக்குச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டு விஷயத்தில் எனக்குப் பிடித்த உதாரணம், பிடித்த என்றால் கோபத்தோடு, ஸ்டார்டர் ஹோம்ஸ். 2015 தேர்தலில் சொன்னது: 40 வயதுக்குள் முதல் வீடு வாங்குபவர்களுக்கு 20 சதவீதத் தள்ளுபடியில் 2 லட்சம் வீடுகள். 2019 நவம்பரில் தணிக்கை அலுவலகம் எண்ணிப் பார்த்தது. எத்தனை கட்டியிருந்தார்கள்? பூஜ்யம். நிலம் வாங்கிச் சீர்செய்ய மட்டும் 17 கோடிப் பவுண்டுக்கு மேல் செலவாகியிருந்தது. குறைந்தது, தாமதமானது என்றெல்லாம் விவாதிக்கக்கூட இடமில்லாத எண் அது.

வருடத்துக்கு 3 லட்சம் வீடு என்ற பெரிய இலக்கும் எட்டப்படவில்லை, அதிகபட்சமாக இரண்டரை லட்சத்தை நெருங்கினார்கள். காரணம் கட்சிக்குள்ளேயே இருந்தது. 2020-ல் கட்டட அனுமதி முறையை மாற்றப் பார்த்தார்கள். 2021 ஜூனில் லண்டனை ஒட்டிய செஷம் அண்ட் அமெர்ஷம் தொகுதி இடைத்தேர்தலில், பச்சைப் புல்வெளியில் வீடு வரும் என்று பயந்த வசதியான டோரி வாக்காளர்கள் லிபரல் டெமாக்ரட்டுக்குப் போட்டுத் தோற்கடித்தார்கள். அவ்வளவுதான், சீர்திருத்தம் பெட்டிக்குள் போனது. 2022 டிசம்பரில் சொந்த எம்.பி.க்கள் மிரட்டியதும், கட்டாய இலக்கு வெறும் ஆலோசனை என்று மாறியது. வீடு உள்ளவர்கள் ஓட்டில் வாழும் கட்சியால், வீடு இல்லாதவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. காரணமே சொல்லாமல் வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லும் விதியை நீக்குவோம் என்று 2019-ல் சொன்னதும் இதே கதை. மசோதா 2023-ல் வந்தது, 2024-ல் தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைந்தபோது அதோடு செத்தது.

ஜான்சன் சொன்ன "பின்தங்கிய பகுதிகளைச் சமமாக உயர்த்துவோம்" என்பதைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. பணம் ஒதுக்கினார்கள், ஊர்களைப் போட்டி போட வைத்தார்கள், 2024 மார்ச்சில் நாடாளுமன்றக் கணக்குக் குழு பார்த்தபோது ஒதுக்கியதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கவுன்சில்கள் செலவழித்திருந்தன. வடக்கே போகும் அதிவேக ரயில் எச்எஸ்2-வின் லீட்ஸ் கிளையை 2021-ல் வெட்டினார்கள். மான்செஸ்டர் பகுதியைப் பிரதமர் ரிஷி சுனக் 2023 அக்டோபரில் ரத்து செய்தார். அதை அறிவித்த இடம் மான்செஸ்டரிலேயே நடந்த கட்சி மாநாடு. அந்த மாநாட்டுக் கட்டடம் ஒரு காலத்தில் ரயில் நிலையம். வேண்டுமென்றே தேடினாலும் அப்படி ஓர் இடம் கிடைக்காது.

ஜான்சனுக்கும் சுனக்குக்கும் இடையில் பிரதமராக இருந்த லிஸ் டிரஸ் கதை எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாக: 2022 செப்டம்பர் 23 அன்று 4,500 கோடிப் பவுண்டு வரிக்குறைப்பை, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமலும், சுதந்திரமான கணிப்பு அலுவலகத்தின் மதிப்பீட்டைக் கேட்காமலும் அறிவித்தார்கள். மூன்றே நாளில் பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்கு விழுந்தது. ஓய்வூதிய நிதிகள் சரியாமலிருக்க பேங்க் ஆஃப் இங்கிலாந்து அரசுப் பத்திரங்களை வாங்க இறங்கியது. அக்டோபர் 20 அன்று டிரஸ் ராஜினாமா. இதை வாக்குறுதி மீறல் என்று சொல்ல மாட்டேன், அவர் சொன்னதைத்தான் செய்தார். ஆனால் "பொருளாதாரத்தைப் பத்திரமாக வைத்திருப்போம்" என்ற கட்சியின் அடிப்படைச் சொத்து அந்த நான்கு வாரத்தில் போனது. எந்த வாக்குறுதி மீறலும் இதற்கு ஈடில்லை. வீட்டுக்கடன் வட்டி ஏறி மாதத் தவணையில் நூற்றுக்கணக்கான பவுண்டு கூடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சுனக் 2023 ஜனவரியில் ஐந்து உறுதிமொழி கொடுத்தார். பணவீக்கத்தைப் பாதியாக்குவேன் என்றது நடந்தது. பெரும்பங்கு எரிவாயு விலை இறங்கியதாலும் வட்டி உயர்வாலும் நடந்தது என்றாலும் கணக்கில் வரவு வைக்கலாம். காத்திருப்போர் பட்டியல் குறையவில்லை, அதை அவரே 2024 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டார். படகுகளை நிறுத்துவேன் என்றார். ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகில் கடந்தவர்கள் 2022-ல் 45,774 பேர், 2023-ல் 29,437. குறைந்தது, நிற்கவில்லை. புகலிடம் கேட்பவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் சட்டவிரோதம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தை மாற்றி எழுதினார்கள். கடைசியில் நான்கு பேர் போனார்கள், நால்வரும் விருப்பப்பட்டுப் போனவர்கள். செலவு 70 கோடிப் பவுண்டு என்று அடுத்து வந்த அரசு கணக்குச் சொன்னது.

ருவாண்டா என்றதும் தமிழர்கள் மறந்துவிடக் கூடாத ஒரு கிளைக்கதை. 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன ஒரு மீன்பிடிப் படகு பழுதாகி, இலங்கைத் தமிழர்கள் பலர் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனின் டியேகோ கார்சியா தீவில் கரையேற்றப்பட்டார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். வேலி போட்ட கூடாரத்தில் மூன்று வருடம். தற்கொலைக்கு முயன்ற சிலரைச் சிகிச்சைக்கு என்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோரை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தது ஆட்சி மாறிய பிறகு, 2024 டிசம்பரில். அவர்களைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததாக அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமும் அதே மாதம் தீர்ப்புச் சொன்னது.

செய்தவற்றையும் சொல்கிறேன் என்றேன். ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கினார்கள், அதுவும் சொந்தக் கட்சியில் பாதிப் பேர் எதிர்த்தபோது. நிலக்கரி மின்சாரத்தைக் கிட்டத்தட்ட ஒழித்தார்கள், கடைசி நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. இங்கிலாந்தின் பள்ளிக் குழந்தைகள் வாசிப்பில் சர்வதேசத் தரவரிசையில் முன்னேறினார்கள். கோவிட் தடுப்பூசியை வேகமாகப் போட்டார்கள், அப்போது வேலை நின்று வீட்டில் இருந்தவர்களுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி கொடுத்தார்கள். பிரெக்ஸிட் வாக்கெடுப்பு வைப்போம் என்றார்கள், வைத்தார்கள். 20,000 போலீஸ்காரர்களைச் சேர்ப்போம் என்றதும் நிறைவேறியது. ஆனால் இவர்களே முதலில் குறைத்தது ஏறக்குறைய அதே 20,000.

அப்படியானால் மக்கள் ஏன் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டார்கள்? எதிர்ப்பக்கம் சரியில்லை என்பது ஒரு காரணம். 2010-ல் போகும்போது லேபர் அமைச்சர் ஒருவர் "பணம் இல்லை" என்று அடுத்தவருக்குக் குறும்பாகச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டை டோரிகள் ஐந்து வருடம் கையில் வைத்துக்கொண்டே சுற்றினார்கள். 2019-ல் அப்போதைய லேபர் தலைவர் ஜெரமி கோர்பின் மீதான பயமும், பிரெக்ஸிட்டை முடித்துத் தொலையுங்கள் என்ற சலிப்பும் 365 இடங்களைக் கொடுத்தன.

இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒவ்வொரு முறையும் தலைவரை மாற்றி, புதிய ஆட்சி வந்த மாதிரி நடித்தார்கள். மே வந்ததும் கேமரனின் வெட்டுகளோடு தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் பேசினார். ஜான்சன், தனக்கு முன்னால் ஒன்பது வருடம் ஆண்டது வேறு யாரோ என்று நடந்துகொண்டார். சுனக் அந்த மான்செஸ்டர் மேடையிலேயே முப்பது வருடப் பழைய அரசியலை மாற்றப் போவதாகச் சொன்னார். அதில் பதின்மூன்று வருடம் அவர் கட்சியுடையது. ஐந்து பிரதமர்கள், ஒருவர் கடனை அடுத்தவர் ஏற்கவில்லை. கடைக்குப் பெயர்ப்பலகை மாற்றினால் பழைய பாக்கி தீருமா? சில காலம் தீர்ந்தது.

2024 ஜூலை 4 அன்று பாக்கி கேட்டார்கள். 365 இடம் 121 ஆனது, அந்தக் கட்சியின் வரலாற்றிலேயே மிக மோசமான தோல்வி. லேபருக்கு ஓட்டு பெரிதாகக் கூடவில்லை, டோரி ஓட்டுத்தான் சிதறியது. வீட்டுக்கும் வேலைக்கும் ஏங்கியவர்கள் ஒரு பக்கம் போனார்கள், குடியேற்ற வாக்குறுதியை நம்பி ஏமாந்தவர்கள் குடியேற்றத்தை எதிர்க்கும் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்குப் போனார்கள். சவுத் வெஸ்ட் நார்ஃபோக்கில் 2019-ல் 26,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த லிஸ் டிரஸ், இந்த முறை லேபரிடம் 630 ஓட்டில் தோற்றார். அங்கே ரிஃபார்ம் வேட்பாளர் வாங்கியது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.